வர்ஜீனியா அணியின் 2018-19 பருவம்: எங்கிருந்து தொடங்குவது?

வணக்கம். உங்கள் கல்லூரி இதழுக்காக வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி பட்டம் வென்ற பருவத்தைப் பற்றி எழுதுவதாகவும், அதற்கு முந்தைய பருவத்தில் 31 ஆட்டங்களை வென்ற அதே அணி தேசியத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது எப்படி என்று புரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த 31 வெற்றிகளும் தேசியத் தொடருக்கு முன்பே கிடைத்தவை. 68 அணிகள் மோதும் அந்தத் தொடரில் ஒருமுறை தோற்றாலே வெளியேற வேண்டியதுதான். மணிக்கட்டு முறிந்த டிஆண்ட்ரே ஹண்டர் இல்லாமல் 2018 மார்ச் 16 அன்று ஆடிய வர்ஜீனியா, யுஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) அணியிடம் 54-74 எனத் தோற்றது. தொடருக்கு முன் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்கு வலிமையின்படி 1 முதல் 16 வரை தரநிலை தருவார்கள்; ஆண்கள் தொடரில் முதல் தரநிலை அணி 16ஆம் தரநிலை அணியிடம் வீழ்ந்தது அதுவே முதல் முறை.

அங்கிருந்தே தொடங்குங்கள், ஆனால் நேராக இறுதி ஆட்டத்துக்குத் தாவிவிடாதீர்கள். என் பார்வையில் பட்டம் வென்ற பருவத்தின் உயிர்நாடி பர்டியூவுடன் நடந்த காலிறுதிதான்: வர்ஜீனியா இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில், அதன் வீரர் டை ஜெரோம் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) சக வீரர் மமாடி டியாகிட்டே பின்னோக்கித் தட்டிவிட, ஆடுகளத்தில் தன் அணியின் பாதிவரை ஓடிப் பந்தை எடுத்த கிஹெய் கிளார்க் பதறாமல் நீளமாக வீசிய பாஸை வாங்கி, ஆட்டநேரம் முடியும் கணத்தில் டியாகிட்டே கூடையில் போட்டதால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. டெக்சாஸ் டெக் அணியை 85-77 என வென்ற இறுதி ஆட்டத்தில் ஹண்டர் 27 புள்ளிகள் எடுத்தார். அதை எழுதும் இடத்தில், முந்தைய ஆண்டுத் தோல்வியில் அவர் ஆடவில்லை என்பதையும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள்.