இணையமே இல்லாமல் கைதிகள் எப்படிச் செய்திக் கட்டுரை எழுதி வெளியிடுகிறார்கள்?

அமெரிக்காவை வைத்துச் சொல்கிறேன். இதில் நீண்ட மரபு உள்ள நாடு அது. மினசோட்டாவின் ஸ்டில்வாட்டர் சிறையில் 1887-லேயே கைதிகள் பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறை இதழ் 1940-இல் பிறந்து, இடையில் நின்று, 2008-இல் மீண்டும் வந்தது. ஆனால் சிறைக்குள் அச்சாகும் இதழை நிர்வாகம் முன்கூட்டியே பார்க்கும். அதனால் பலர் வெளி ஊடகங்களுக்கே எழுதுகிறார்கள்.

எழுதுவதைவிட அனுப்புவதுதான் பெரும்பாடு. தபாலில் போனால், அறைச் சோதனையில் காகிதம் காணாமல் போகக்கூடும் என்பதால் கையால் இன்னொரு பிரதி எழுதி வைக்க வேண்டும். சிறைக்குள் கைதிகளுக்குத் தரப்படும் டேப்லெட் கருவியில் செய்தியாக அனுப்பினால் காசும் எழுத்து வரம்பும் உண்டு. ஒரு கட்டுரை ஐந்து துண்டாகும், வரிசை மாறிப் போய்ச் சேரும். ஒவ்வொன்றின் தலையிலும் "3/5" என்று போடாவிட்டால் ஆசிரியர் திண்டாடுவார்.

அடுத்தது சரிபார்ப்பு. "சாப்பாடு மோசம்" என்று எழுதினால் எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, தட்டில் என்ன இருந்தது, நேரில் பார்த்ததா, யாரிடம் கேட்டதா என்பதெல்லாம் வேண்டும். மற்றதை வெளியே இருப்பவர் ஆவணங்களோடு ஒப்பிடுவார்.

சக கைதியின் பெயரைப் போட எழுத்துபூர்வ சம்மதம் வாங்குவது நல்லது, பழிவாங்கல் நிஜம். நிலுவையில் உள்ள சொந்த வழக்கைத் தொடவே கூடாது, அரசுத் தரப்பு அதையே எடுத்து வாசிக்கும்.

கூட்டாட்சி அரசு (மத்திய அரசு) நடத்தும் சிறைகளில் கைதி தன் பெயரில் செய்தி எழுதத் தடை இருந்தது. 2007-இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மாநிலச் சிறைகளின் விதிகள் வேறு. சன்மானம் வாங்குவதையே 'தொழில் நடத்துதல்' என்று குற்றமாக்கும் இடங்கள் உண்டு. பணத்தைப் பேசுமுன் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.