சிவப்பு ஏன் கறுத்துப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆர்த்தோ, பான் என்று இரண்டு விதமாகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் இருக்கிறது. இரண்டிலுமே நிறம் வராது, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்? ஒன்று பழசு, ஒன்று புதுசு, அவ்வளவுதானா?

பதில்: படத்தில்தான் நிறம் இல்லை, கேமராவுக்கு முன்னால் நிற்கும் பொருளில் இருக்கிறதே! எந்த நிறம் எவ்வளவு சாம்பலாக விழும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புக்கு இயல்பாக உறைப்பது நீலம், ஊதா, அப்புறம் நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதா மட்டும்தான். மற்ற நிறம் பட்டால் சும்மா கிடக்கும். அதில் சாயம் சேர்த்தால் பச்சை ஒளியையும் பிடிக்க வைக்கலாம் என்று 1873இல் ஜெர்மானியர் ஹெர்மன் வோகல் கண்டுபிடித்தார். நீலத்தோடு பச்சையையும் பிடித்து, சிவப்பை மட்டும் விட்டுவிடுகிற ஆர்த்தோ அந்த வழியில் வந்தது. சிவப்பையும் சேர்த்துப் பிடிக்கிற பான் கண்ணாடித் தகடுகளை 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக, வயதில் ஆர்த்தோதான் மூத்தது, ஆனால் செத்துப்போன சரக்கு இல்லை. இல்ஃபோர்டு நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ் ஃபிலிம் இன்றும் வருகிறது.

ஒரு சிவப்பு ரோஜாவை இலையோடு சேர்த்து இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். ஆர்த்தோவில் பூ கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும், இதழ் மடிப்புகூட சரியாகத் தெரியாது, இலை அதைவிட வெளுப்பாக நிற்கும். பானில் பூவுக்கும் இலைக்கும் ஏறக்குறைய ஒரே சாம்பல் விழுந்து, எது பூ எது இலை என்று வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பான்தான் 'சரியான' ஃபிலிம் என்று அடித்துச் சொல்பவர்களிடம் இந்த இரண்டு பிரிண்டையும் காட்டலாம். பானுக்கும் நீலத்தின் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு, மஞ்சள் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் அதிலும் வானம் வெளுத்து மேகம் காணாமல் போகும்.

கேள்வி: முகம் எடுக்க எது நல்லது?

பதில்: யாருடைய முகம் என்று சொல்லவில்லையே! ஆர்த்தோவில் உதடு கறுக்கும், பரு, தழும்பு, தோலில் ஓடும் சிவப்பு எல்லாம் எடுப்பாகத் தெரியும், நீலக் கண் வெளிறிப்போகும். மௌனப்படக் காலத்தில் கன்னத்துக்குச் சிவப்புப் பூசினால் திரையில் அது குழி விழுந்த மாதிரி தெரிந்ததற்கும் இதுதான் காரணம். சுருக்கமும் வரியும் நிறைந்த முதிய முகத்துக்கு ஆர்த்தோ அருமை. தன் பருவைப் பற்றிக் கவலைப்படுகிற கல்லூரிப் பெண்ணை அதில் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே ஃபிலிமைக் கழுவலாம் என்கிறான் நண்பன். நம்பலாமா?

பதில்: ஆர்த்தோ என்றால் நம்பலாம், பான் என்றால் கூடாது. பானுக்கு முழு இருட்டுதான், அது சிவப்பையும் பார்த்துவிடும். ஆர்த்தோவுக்குக்கூட ஏதோ ஒரு பல்பில் சிவப்புத் தாள் சுற்றினால் போதாது. அதற்கென்று உள்ள அடர் சிவப்பு சேஃப்லைட் (ஃபிலிமைக் கெடுக்காத இருட்டறை விளக்கு) வேண்டும், அதையும் தள்ளியே வைக்க வேண்டும். இதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கமாட்டேன்: தட்டில் டெவலப்பரை (படத்தை வெளிக்கொண்டுவரும் திரவம்) ஊற்றி, தனித்தனித் தாளாக வரும் ஷீட் ஃபிலிமை அசைத்துக்கொண்டிருக்கும்போது, பால் நிறத்துப் பரப்பில் முதலில் வானம் இருக்கும் இடம் கறுக்கத் தொடங்கும் (நெகட்டிவில் வெளிச்சம்தான் கறுப்பு), பிறகு சட்டை, அப்புறம் முகம் என்று ஒவ்வொன்றாக ஏறும், போதும் என்று தோன்றுகிற நொடியில் எடுத்துவிடலாம். பானில் கடிகாரத்தை நம்பி இருட்டில் நிற்பதுதான் விதி.

கேள்வி: என் ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்க நினைத்தேன். நெகட்டிவில் ஒன்றுமே இல்லை!

பதில்: இருக்காது. சிவப்பு ஃபில்டர் சிவப்பை மட்டும்தான் உள்ளே விடும், உங்கள் ஃபிலிமுக்கோ சிவப்பே தெரியாது. கதவைச் சாத்திவிட்டு வெளிச்சத்தை எதிர்பார்த்தால் எப்படி? மஞ்சள் ஃபில்டர் போடலாம், ஆனால் பானுக்குக் கொடுப்பதைவிட எக்ஸ்போஷர் (ஃபிலிமில் விழ விடும் ஒளி) கூடுதலாகக் கேட்கும். பகல் வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு எண்) 80 என்று போட்டிருக்கும் ஆர்த்தோ பிளஸ், சிவப்பு தூக்கலான குண்டு பல்பின் வெளிச்சத்தில் 40 ஆகிவிடுவதும் இதனால்தான், அதாவது ஒரு ஸ்டாப் கூட்டி, இரண்டு மடங்கு ஒளி விட வேண்டும்.

இதற்காகவே, ஒரு ரோல்தான் வாங்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் பானைத்தான் சொல்வேன். பான் ஃபிலிமில் நீலப்பச்சை ஃபில்டரைப் போட்டுச் சிவப்பைத் தடுத்துவிட்டால் ஆர்த்தோ மாதிரியே கறுத்த உதடு, வெளுத்த வானம் கிடைத்துவிடும், கழற்றினால் பழையபடி பான். ஆர்த்தோவைப் பானாக மாற்றுகிற ஃபில்டர் எதுவும் கிடையாது. டிஜிட்டல் கேமராக்காரர்களுக்கு இந்த வம்பே இல்லை, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு சேனலை முழுக்கக் குறைத்துவிட்டு நீலத்தையும் பச்சையையும் வைத்துக்கொண்டால் போதும்.