லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். குரோஷாவில் குழந்தைக் குல்லா, பூட்டீஸ் (கைக்குழந்தைக் காலுறை), சால்வை, சின்னப் பைகள் பின்னுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் இன்ஸ்டாகிராமில் கடை தொடங்கினேன். இதுவரை 43 படங்கள் போட்டாயிற்று, 600 பேர் பின்தொடர்கிறார்கள். நிறைய லைக் வருகிறது, ஆனால் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. குல்லா 180 ரூபாய், டெலிவரி இலவசம் என்றுகூடப் போட்டுப் பார்த்துவிட்டேன். 5,000 ரூபாய் விளம்பரத்துக்குப் போட்டுப் பார் என்கிறார் கணவர். போடலாமா? இல்லை, அமேசான் பக்கம் போகலாமா?

பதில்: அந்த 5,000 ரூபாய் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். பின்தொடர்பவர்களில் முதல் நூறு பேரைத் தட்டிப் பார்த்ததில் முக்கால்வாசிப் பேர் உங்களைப் போலவே ஊசியும் நூலும் கையுமாக இருப்பவர்கள். அவர்கள் போடும் லைக், அடுத்த வீட்டு அக்கா கோலத்தைப் பார்த்து “நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் குல்லா வேண்டுமென்றால் அவர்களே பின்னிக்கொள்வார்கள்.

சரி, வாங்கப்போவது யார்? உல்லன் என்றாலே நமக்கு ஊட்டிக் குளிர்தான் ஞாபகம் வரும். ஆனால் கோத்தகிரியில் இருப்பவர் கோத்தகிரிக் கடையிலேயே வாங்கிக்கொள்வார், சென்னையில் வேர்த்து ஒழுகுகிறவருக்குச் சால்வை எதற்கு? உங்களிடம் காசு கொடுக்கக்கூடியவர்கள் வேறு ஆட்கள். தோழியின் குழந்தைக்குப் பேர் வைக்கும் விசேஷத்துக்குப் போகும் பெங்களூர்ப் பெண். செப்டம்பரில் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ படிக்கப் போகும் பிள்ளையின் அம்மா. மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகும் அப்பாவுக்கு மஃப்ளர் தேடும் மகள். இவர்கள் யாரும் குரோஷா என்று தேட மாட்டார்கள். “இன்னாருக்கு என்ன கொடுப்பது” என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் முதல் பத்து விற்பனைக்குத் தெரியாத ஆட்களை எதிர்பார்க்காதீர்கள். போனை எடுத்து, கல்லூரித் தோழிகள், பழைய ஆபீஸ், பிள்ளையின் பள்ளி என்று முப்பது பேரை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவர் பெயர் போட்டு அனுப்ப வேண்டும். பிராட்காஸ்ட் வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. “வாங்கிக்கோங்க” என்றும் கேட்காதீர்கள், நெருங்கியவர்களே நெளிவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

“அக்கா, குழந்தைகளுக்குக் குல்லா செட் பின்றேன். உங்க ஆபீஸ்ல யாருக்காவது வளைகாப்பு, பேர் வைக்கிற விசேஷம் வருதா? இருந்தா சொல்லுங்க, போட்டோ அனுப்புறேன்.”

கேட்கப்பட்டவர் தன் பர்ஸை நினைக்க மாட்டார், ஆபீஸில் யார் மாசமாக இருக்கிறார் என்று யோசிப்பார். முப்பதில் நாலைந்து பேராவது ஒரு பெயர் சொல்வார்கள். சொந்தக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்து விளம்பரம் தேடும் வேலையும் வேண்டாம். சும்மா வந்த குல்லா பெட்டியடியில் கிடக்கும், காசு கொடுத்து வாங்கியதுதான் குழந்தையின் தலையில் ஏறும்.

இனி அந்த 43 படங்கள். மூன்று பொருள் போதும், மற்றதை ஆர்கைவில் தள்ளி மறைத்துவிடுங்கள். உங்கள் மஞ்சள் குல்லாவையே எடுத்துக்கொள்வோம். டியூப்லைட் வெளிச்சத்தில், பூப்போட்ட பெட்ஷீட் மேல் கிடக்கிறது. மஞ்சள் பச்சையடித்துத் தெரிகிறது. அது பிறந்த குழந்தைக்கா, மூன்று வயசுக்கா என்று எனக்கே புரியவில்லை. உங்கள் ஊரில் காசில்லாமல் கிடைக்கும் ஸ்டூடியோ விளக்கு ஒன்று உண்டு, மூடுபனி. வெயிலில் எடுத்தால் பின்னலின் கண்ணிகளில் கறுப்பு நிழல் விழும். பனி மூடிய காலையில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள், நிழலே இல்லாமல் ஒவ்வொரு கண்ணியும் எண்ணுகிற மாதிரித் தெரியும். கீழே வெள்ளை வேட்டி போதும். ஒரு படத்தில் குல்லா உங்கள் உள்ளங்கையில் இருக்கட்டும், அளவு சொல்லாமலே புரிந்துவிடும். இன்னொன்று ஒரு குழந்தையின் தலையில், அம்மாவைக் கேட்டுக்கொண்டு.

படத்துக்குக் கீழே அளவை செ.மீ.யில் எழுதுங்கள். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று சுமார் 35 செ.மீ., ஆறு மாதத்தில் 43 வரை வந்துவிடும். “0–6 மாதம்” என்று மட்டும் போட்டால் ஏதோ ஒரு வீட்டில் குல்லா கழுத்துக்கு இறங்கும். “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்ற வரி இருக்கிற படங்களிலிருந்தெல்லாம் அதை எடுத்துவிட்டு விலையைப் போடுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறவர்கள் அதிகம். நூல் அக்ரிலிக் என்றால் அக்ரிலிக் என்றே எழுதுங்கள். கடையில் உல்லன் என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலானது அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான். கைக்குழந்தைத் துணியை அடிக்கடி துவைக்கிற அம்மாவுக்கு அது குறையே இல்லை. குல்லாவில் மணி, பட்டன் எதுவும் தைக்காதீர்கள், குழந்தை பிய்த்து வாயில் போட்டுவிடும்.

உங்கள் சால்வைப் படத்தில் “தோடா எம்பிராய்டரி” என்று போட்டிருக்கிறீர்கள். அதை இன்றே எடுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் அந்த வேலைப்பாட்டுக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் அவர்களுடையது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், மலையில் பிழைக்கிற நாமே அதைச் செய்வது சரியில்லை. சிவப்பு-கறுப்புக் கரை வைத்த குரோஷா சால்வை என்று எழுதினால் போதும், அதுதானே உண்மை.

விலைக்கு வருவோம், உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை இங்கேதான். குல்லா 180. நூல் 40, பேக்கிங் 10, கூரியர் 70 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 60. ஒரு குல்லாவுக்கு மூன்று மணி நேரம் என்றால் மணிக்கு 20 ரூபாய். உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கப் போனால் இதைவிட அதிகம் கிடைக்கும். ஒற்றைக் குல்லாவைத் தபாலில் விற்காதீர்கள். குல்லா, பூட்டீஸ், கையுறை மூன்றையும் ஒரே செட்டாக்கி, துணிப்பையில் போட்டு 650 என்று வையுங்கள். கூரியர் அதே 70-ஐ ஒட்டித்தான் வரும். விசேஷத்துக்குக் கொடுக்கிறவருக்கும் கையில் ஏதோ கனமாகக் கொடுத்த திருப்தி இருக்கும்.

பெட்டி விஷயத்தில் நான் சூடுபட்டிருக்கிறேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு மஃப்ளரை அழகாக இருக்கட்டும் என்று பெரிய அட்டைப்பெட்டியில் அனுப்பினேன். எடை 200 கிராம், பில் மூன்று கிலோவுக்கு. லேசான பொருளுக்குக் கூரியர்காரர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். என் பெட்டி 30, 25, 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. விற்ற காசு கூரியருக்கே போயிற்று. பின்னல் பொருள் நசுங்கினாலும் உதறினால் எழுந்துகொள்ளும், தட்டையான கவரில் அனுப்புங்கள். கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம், ஆள் வாங்காமல் திருப்பிவிட்டால் இரண்டு பக்கச் செலவும் உங்கள் தலையில். யுபிஐயில் பணம் வந்த பிறகு அனுப்புங்கள். மூன்று நாளில் வரும் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு நாள் என்று சொல்லுங்கள், நாலாம் நாள் போனால் சந்தோஷப்படுவார்கள்.

மலையில் இருப்பதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. வாங்கக்கூடிய ஆள் வருஷா வருஷம் உங்கள் ஊருக்கே வருகிறார். பக்கத்து ஹோம்ஸ்டே ஒன்றில் பேசி, வரவேற்பறையில் ஒரு மூங்கில் கூடை வைத்துப் பாருங்கள். பத்துப் பொருள், விலைச்சீட்டு, உங்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும் கியூஆர் அட்டை. விற்றால் இத்தனை சதவீதம் அவர்களுக்கு என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். குளிரில் குழந்தையோடு வந்து இறங்கும் குடும்பம் முதல் நாள் மாலையே கூடையைக் கிளறும். பொருளைத் தொட்டுப் பார்த்தவர் ஊருக்குப் போன பிறகு அண்ணி குழந்தைக்கு ஒன்று கேட்பார். ஆன்லைன் கடைக்கு நிஜமான முதல் வாடிக்கையாளர் அவர்தான். ஏப்ரல், மே சீசன் போய்விட்டது. செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனுக்குக் கூடை தயாராக இருக்கட்டும்.

அமேசான் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்க ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் முதல், ஜிஎஸ்டி பதிவில்லாத சிறு வியாபாரிகளும் பான் வைத்து ‘என்ரோல்மென்ட்’ எண் ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு ஆன்லைன் தளங்களில் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். அந்தத் தளங்கள் வழியாக வெளிமாநிலத்துக்கு என்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நீங்களே நேராக வெளிமாநிலத்துக்கு அனுப்புவதானால், அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருட்களுக்குச் சலுகை இருக்கிறது. உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பத்து விற்பனை முடியும்வரை அமேசானை மறந்துவிடலாம். மெஷினில் பின்னிய குல்லாவோடு விலையில் மோத வேண்டிய இடம் அது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? இருந்தால் குழுப் பொருட்களை விற்கும் அரசின் ‘மதி’ விற்பனை அரங்குகளில் இடம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக, உங்கள் பக்கத்தில் 38-ஆவது படமாக, யாரும் கவனிக்காமல் ஒரு சுருக்குப் பை கிடக்கிறது. மெரூன் காட்டன் நூல், உள்ளே பச்சைத் துணி. எனக்குப் பிடித்தது அதுதான். நவராத்திரிக்குக் கொலு வைப்பவர்கள் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க இருபது, முப்பது என்று மொத்தமாகத் தேடுவார்கள். சென்னை வெயிலுக்கும் பையில் பிரச்சினை இல்லை. ஆவணி பிறப்பதற்குள் அவர்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு வரும் ஆர்டரைப் பின்னி முடிக்க உங்களுக்கு நாள் போதாது. முப்பது பேர் பட்டியலில் வீட்டில் கொலு வைக்கும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு பையை இந்த வாரமே தபாலில் அனுப்புங்கள். இலவசமாகக் கொடுக்காதே என்று மேலே சொன்னது இதற்குப் பொருந்தாது, இது சாம்பிள் காட்டுவது. கூடவே ஒரு சீட்டில் விலையையும், “30 பைக்கு 25 நாள் வேண்டும்” என்பதையும் எழுதி வையுங்கள்.