வாசகர் கேள்வி: எம்.எஸ். நோயை ஆராய எந்தப் படிப்பு?

கேள்வி: பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். அவளுடைய அயித்தைக்கு 27 வயதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் வந்தது. 'நரம்பு டாக்டராகி இந்த நோயையே ஆராயப்போறேன்' என்று பிடிவாதமாக நிற்கிறாள். எத்தனை வருடப் படிப்பு? பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, பயிற்சி மருத்துவர் வருடத்தையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. அதன்பின் எம்.டி. பொது மருத்துவம் 3, டி.எம். நியூராலஜி எனும் நரம்பியல் உயர்சிறப்புப் படிப்பு 3. ஆக, எங்கும் தடங்காமல் போனாலே பதினொன்றரை ஆண்டு. ஒவ்வொரு படிக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதற்குத் தயாராவதில்தான் பலருக்கு ஆண்டு நழுவுகிறது. பதினான்கு என்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸில் எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேராக 6 ஆண்டு டி.எம். சேரலாம். இடங்கள் மிகக் குறைவு. பேத்தி ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைக்குத் தாராளமாக ஒத்துவரும். டி.எம். மூன்றாண்டில் இரவுப் பணி கடுமையாக இருக்கும். பக்கவாதம் வந்தவருக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்பதால் தூக்கம் கெடும். ஆண்களைவிடப் பெண்களையே எம்.எஸ். இரண்டு மூன்று மடங்கு அதிகம் தாக்குகிறது. பிரசவம், சிறுநீர்க் கோளாறு பற்றி அவர்கள் தயங்காமல் பேசப் பெண் மருத்துவர்கள் அவசியம் வேண்டும்.

கேள்வி: சிவகங்கை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எம்.எஸ். ஆராய்ச்சிக்கு இப்போதே என்ன கற்கலாம்?
– ஒரு மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பி, டார்ச்சிலிருந்து தொடங்குங்கள். அறையை இருட்டாக்கி, நோயாளியைத் தூரத்தில் பார்க்கச் சொல்லி, வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி. பார்வை நரம்பு பழுதான கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது கண்பாப்பா சுருங்காமல் விரியும். ஸ்கேன் எடுக்கும் முன்பே கிடைக்கும் இந்தத் தடயத்தை அவசரத்தில் பலர் தவறவிடுகிறார்கள்.

அடுத்து, எம்.எஸ். போலவே தோன்றும் மற்ற நோய்களைப் படியுங்கள். நம் ஊரில் காசநோய், பி12 குறைபாடு, நியூரோமைலிடிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) மூன்றையும் மறக்கவே கூடாது. மூன்றாவதைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் 2004இல்தான் தெரியவந்தது. அந்த நோயாளிக்கு எம்.எஸ். என்று நினைத்து அதற்கான இன்டர்பெரான் மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றும். சிகிச்சைக்காகப் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை) மாற்றுவதற்கு முன்பே இந்த எதிர்ப்பொருள் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு எடுத்தால் எதிர்ப்பொருள் இருந்தும் இல்லை என்று வரலாம்.

முதுகில் தண்டுவட நீர் எடுக்கும்போது கையோடு ரத்தமும் எடுத்து, இரண்டையும் ஜோடியாக அனுப்புங்கள். எம்.எஸ். நோயில் தேடப்படும் ஆலிகோகுளோனல் பட்டைகள் (எதிர்ப்பொருள்கள் சோதனையில் காட்டும் கோடுகள்) நீரில் காணப்பட்டு, ரத்தத்தில் இல்லாவிட்டால்தான் அவை மூளைக்குள்ளேயே உருவானவை என்று சொல்ல முடியும். நீரை மட்டும் அனுப்பினால் அந்த ஒப்பீடு போய்விடும். ஊசிக் குத்தலும் வீண்.

ஆராய்ச்சியைத் தொட்டுப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் இரண்டு மாத மாணவர் திட்டம் நல்ல வாசல். பார்வை நரம்பு அழற்சியோடு கண் பிரிவுக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அக்வாபோரின்-4 பார்க்கப்பட்டது என்று பழைய கோப்புகளில் தேடுவதே மாணவர் அளவுக்கு ஏற்ற தலைப்பு. கோப்பைத் தொடும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது செல்லாது.

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடிக்கப்போகிறேன். டாக்டர் இல்லாமல் இந்தத் துறைக்குள் வர முடியுமா?
– ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: முடியும். ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் அல்லது ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். தேர்வு எழுதி பிஎச்.டி.க்குப் போங்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் தெரிந்தது, அமெரிக்க ராணுவத்தினரின் ரத்தம் ஆண்டுக்கணக்கில் உறைநிலையில் பத்திரமாக இருந்ததால்தான். எனவே மாதிரியைக் காக்கும் வேலையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தண்டுவட நீரை எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, பாலிப்ரொப்பிலீன் குழாய்களில் சிறு சிறு பங்காகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயில் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் முழுவதையும் உருக்கி மறுபடி உறைய வைக்க நேரும். அதில் புரதங்கள் சிதைந்துவிடும்.