இன்றிரவு விற்காத அறை

விடுதி, பயண ஏற்பாடு, சுற்றுலா ஆகிய தொழில்களில் இருக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சந்தைப்படுத்தல் பற்றியவை. ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: சோப்பு, பற்பசை தயாரிக்கும் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது நடுத்தர விடுதி ஒன்றின் சந்தைப்படுத்தல் பொறுப்புக்கு வந்திருக்கிறேன். விற்பனை எங்கும் விற்பனைதானே என்று நினைத்தேன். ஆனால் பழைய உத்திகள் பலவும் இங்கே எடுபடவில்லை. அடிப்படை வேறுபாடு என்ன?

பதில்: இன்று விற்காத சோப்பு கிடங்கில் இருக்கும்; நாளை விற்றுக்கொள்ளலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு எடுத்து வைக்க வழியில்லை. விடிந்ததும் அந்த வருமானம் என்றைக்குமாகப் போய்விடுகிறது. விமான இருக்கைக்கும், புறப்பட்டுவிட்ட சுற்றுலாப் பேருந்தின் காலி இடத்துக்கும் இதே கதிதான். இத்தொழிலில் விலை நிர்ணயம், முன்பதிவு விதிகள், பருவத்துக்கேற்ற சலுகைகள் என்று நீங்கள் காண்கிற பெரும்பாலான ஏற்பாடுகள் இந்த ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது வேறுபாடு, வாங்குபவர் வாங்குமுன் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது என்பது. தங்கிப் பார்த்த பிறகுதான் அறை எப்படிப்பட்டது என்று தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். ஆகவே விருந்தினர் அடையாளங்களைத் தேடுகிறார்: வரவேற்பறையின் துப்புரவு, இணையதளத்தில் உள்ள படங்கள், தொலைபேசியை எடுத்தவரின் குரல், முன்பு தங்கியவர்களின் கருத்து. நீங்கள் விற்பது அறையைப் பற்றிய ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியை நம்புவதற்கான சான்றுகளையும் நீங்களேதான் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, உற்பத்தியும் நுகர்வும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. சோப்புத் தொழிலாளி யாரென்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. இங்கோ வரவேற்பாளரின் முகமே பொருளின் ஒரு பகுதி. பக்கத்து அறையில் இரவெல்லாம் கூச்சலிடும் விருந்தினரும், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், பொருளின் ஒரு பகுதிதான். அமைதி தேடி வரும் முதியவர்களையும் கொண்டாட்டத்துக்கு வரும் இளைஞர் குழுவையும் ஒரே தளத்தில் தங்கவைத்தால், இருவரையும் அழைத்து வந்த விளம்பரம் வெற்றி பெற்றிருந்தும் சந்தைப்படுத்தல் தோற்றிருக்கும். நான்காவது வேறுபாடு இதன் தொடர்ச்சியே: காலையில் பரிமாறிய அதே ஊழியர் பதினான்கு மணி நேர வேலைக்குப் பின் இரவிலும் அதே தரத்தில் பரிமாறுவார் என்று உறுதி சொல்ல முடியாது.

ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.ஸின் தலைவராக இருந்த யான் கார்ல்சன் 1980களில் ஒரு கணக்குச் சொன்னார். ஆண்டுக்கு ஒரு கோடிப் பயணிகள். ஒவ்வொருவரும் சராசரியாக ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பும் ஏறத்தாழ 15 விநாடி. நிறுவனத்தின் பெயர் ஆண்டுக்கு ஐந்து கோடி முறை அந்தச் சில விநாடிகளில்தான் தீர்மானமாகிறது என்றார். உங்கள் விடுதியில் அந்த விநாடிகள் எங்கெங்கே நேர்கின்றன என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்துவிட்டு, அதன் பிறகு விளம்பரச் செலவைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: சந்தைப்படுத்தலின் அடிப்படைகள் நான்கு ‘பி’ என்று கல்லூரியில் படித்தோம். இப்போது ஏழு என்கிறார்கள். எது சரி?

பதில்: பொருள், விலை, இடம், விற்பனை ஊக்கம் என்ற நான்கை 1960இல் சந்தைப்படுத்தல் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்தார். சேவைத் தொழில்களுக்கு அவை போதவில்லை என்பதால், மனிதர்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் என்ற மூன்றை 1981இல் பூம்ஸ், பிட்னர் இருவரும் சேர்த்தனர். ஆங்கிலத்தில் எல்லாம் ‘பி’ எழுத்தில் தொடங்குவதால் மனப்பாடத்துக்கு வசதி. அதற்கு மேல் எண்ணிக்கையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அந்த மூன்றும் ஏன் தேவைப்பட்டன என்பதற்கான விடை முதல் கேள்விக்கான பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: சீசன் இல்லாத மாதங்களில் எங்கள் விடுதியில் பாதி அறைகள் காலி. விலையைக் குறைத்தால் நிரம்பும் என்கிறார் என் பங்குதாரர். குறைக்கலாமா?

பதில்: குறைக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை விலையை 100 என்று கொள்வோம். ஓர் அறைக்கு ஆள் வருவதால் கூடுதலாக ஆகும் செலவு (துப்புரவு, சலவை, மின்சாரம் போன்றவை) 25 எனில், ஓர் அறை உங்களுக்குத் தருவது 75. ஐம்பது அறைகள் விற்றால் 3,750. விலையில் 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் ஓர் அறை தருவது 55 ஆகச் சுருங்குகிறது; பழைய 3,750ஐ எட்டவே 69 அறைகள் விற்றாக வேண்டும். அதாவது, முன்னைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான கூடுதல் விற்பனை. அத்தனை பேர் விலை ஒன்றுக்காகவே வராமல் இருந்தார்களா? பருவநிலை சரியில்லை, பள்ளி விடுமுறை இல்லை என்பதற்காக வராதவர்களைத் தள்ளுபடி வரவழைக்காது.

அதற்காகக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் குறைப்பதுதான் தவறு. 1985இல் குறைந்த கட்டணப் போட்டியாளரான பீப்பிள் எக்ஸ்பிரஸை எதிர்கொண்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பெரிய தள்ளுபடிகளை அறிவித்தது. ஆனால் நெடுநாள் முன்பே சீட்டு வாங்குவோருக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளுக்கு மட்டும். திட்டமிட்டுச் செல்லும் சுற்றுலாப் பயணி சலுகையைப் பெற்றார். கடைசி நேரத்தில் வரும் வணிகப் பயணி முழுக் கட்டணம் செலுத்தினார். விலைகளுக்கு நடுவே போட்ட இந்த வேலிதான் பின்னர் வருவாய் மேலாண்மை என்ற பெயரில் விடுதிகளுக்கும் வந்தது. திரும்பப் பெற முடியாத முன்பதிவு, மூன்று இரவுகளாவது தங்க வேண்டும் என்ற நிபந்தனை, குழுக்களுக்குத் தனி விலை ஆகியவை எல்லாம் அந்த வேலியின் வடிவங்களே.

உங்கள் பங்குதாரர் எத்தனை அறைகள் நிரம்பின என்பதை மட்டும் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. நூறு அறைகளில் 90ஐ 60 வீதம் விற்றால் மொத்தம் 5,400; 60ஐ 100 வீதம் விற்றால் 6,000. மொத்த அறை வருமானத்தை, விற்றவை விற்காதவை எல்லாம் சேர்ந்த அறை எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவதைத் தொழிலில் ‘ரெவ்பார்’ என்பார்கள். இங்கே அது முறையே 54, 60. நிரம்பி வழிந்த விடுதிதான் பின்தங்கியது. அங்கே சலவைச் செலவும் அதிகம்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் எங்களைப் பற்றி மோசமாக எழுதிவிட்டார். அதில் பாதி உண்மையில்லை. பதில் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

பதில்: சொல்லுங்கள், ஆனால் எழுதியவரை வெல்வதற்காகச் சொல்லாதீர்கள். உங்கள் பதிலைப் படிக்கப் போகிறவர் இன்னும் முன்பதிவு செய்யாத அடுத்த விருந்தினர். தவறு நடந்த பகுதியை ஒப்புக்கொண்டு, என்ன திருத்தினீர்கள் என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதினால் போதும். உண்மையல்லாத பகுதியை ஒரே வரியில் அமைதியாக மறுக்கலாம்.

அடுத்து, அந்தப் புகாரின் வேரைத் தேடுங்கள். சேவைத் தரத்தை ஆராய்ந்த பரசுராமன், ஸைத்தமல், பெர்ரி ஆகிய மூவர் 1985இல் முன்வைத்த விளக்கத்தின்படி, சேவையின் தரக்குறைவு என்பது விருந்தினர் எதிர்பார்த்ததற்கும் பெற்றதாக உணர்ந்ததற்கும் இடையிலுள்ள இடைவெளி. அந்த இடைவெளியைச் சில வேளைகளில் நம் விளம்பரமே உண்டாக்குகிறது. அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் கூடம்போலத் தெரிந்த அறைக்குள் பெட்டியை வைக்க இடமில்லை என்றால், அறை துப்புரவாக இருந்தும் விருந்தினர் ஏமாந்தவராகவே திரும்புவார். அதே அறையைச் சிறியது என்று சொல்லியே விற்றிருந்தால் அந்தப் புகார் பிறந்திருக்காது. என் கருத்தில், பெரும்பாலான விடுதிகள் முதலில் திருத்த வேண்டியது தங்கள் படங்களைத்தான்.

கேள்வி: முன்பதிவுத் தளங்கள் கமிஷனை அள்ளிக்கொண்டு போகின்றன. விலகிவிடலாமா?

பதில்: உங்கள் பெயரையே அறியாத ஒருவரை முதன்முறை கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி அது, அந்த அளவில் நியாயமானதே. அதே விருந்தினர் இரண்டாம், மூன்றாம் முறையும் அந்தத் தளத்தின் வழியாகவே வருகிறார் என்றால் குறை உங்களிடம் இருக்கிறது. கிளம்பும்போது நேரடி எண்ணைக் கொடுத்தீர்களா, அடுத்த முறை நேரடியாகப் பதிவு செய்தால் தாமதமாக அறையைக் காலி செய்யலாம் என்பது போன்ற செலவு குறைந்த சலுகை ஏதேனும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் விலை பற்றிய நிபந்தனைகள் இருக்கக்கூடும். அவற்றைப் படித்துவிட்டுச் சலுகையை அறிவியுங்கள்.