கவரும் தசமபாகமும்

அன்புள்ள ஐயா,

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை செய்கிறேன். பிறப்பால் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். அலுவலகத்தில் கிறிஸ்தவனாக வாழ்வது கடினமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் குடிக்கக் கூப்பிடுகிறார்கள். மறுத்தால் ‘பாஸ்டர்’ என்று கேலி செய்கிறார்கள். ஆயுதபூஜைப் பொரிகடலையை வாங்கலாமா கூடாதா என்று ஆண்டுதோறும் தடுமாறுகிறேன். இரவில் கைப்பேசி பெரும் சோதனையாக இருக்கிறது. மற்றபடி என்னால் இயன்றவரை உண்மையாகவே இருக்கிறேன். தீபாவளிக்கு வெண்டர்கள் இனிப்போடு கவரும் தருவது இங்கே வழக்கம். அதிலும்கூடத் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, தவறாமல் காணிக்கையில் செலுத்திவிடுகிறேன். சோதனையை ஜெயிப்பது எப்படி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

இந்தத் தவக்காலத்தில் தானியேலின் புத்தகத்தைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

பொரிகடலையைப் போல விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பவுல் கொரிந்தியருக்குப் போதுமான அளவு எழுதியிருக்கிறார். உங்கள் மனச்சாட்சி இடங்கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தருகிறவரின் மனம் நோகாதபடி கைகூப்பி விலகிவிடுங்கள். ‘பாஸ்டர்’ என்ற கேலியையெல்லாம் ஒரு பாடு என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் மனிதர்கள் சுமக்கிற பாடுகளைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஆனால் அந்தக் கவரைப் பற்றிய வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. குடியையும் கைப்பேசியையும் சோதனை என்று எழுதிய நீங்கள், உங்கள் கையில் வந்து விழுந்த சோதனையை மட்டும் ‘வழக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தசமபாகமும் செலுத்துகிறீர்கள்! பத்தில் ஒரு பங்கு ஆலயத்துக்குப் போய்விட்டால் மீதி ஒன்பது பங்கும் சுத்தமாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? யூதாஸ் எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசை, அது இரத்தக்கிரயம் என்பதால் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என்று, இயேசுவைக் கொலைக்கு ஒப்புக்கொடுத்த பிரதான ஆசாரியர்களே சொன்னார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும் கூச்சம் அவர்களுக்குக்கூட இருந்தது. வரி வசூலித்த சகேயுவும் அநியாயமாய் வாங்கியதில் ஒரு பங்கை தேவாலயத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. யாரிடம் வாங்கினானோ அவர்களுக்கே நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாகச் சொன்னான்.

அந்தக் கவரை வெண்டர் தன் சொந்தப் பணத்திலிருந்து தரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அது அடுத்த கொட்டேஷனில் ஏறிவிடும். அல்லது அளவு தவறிய சரக்கு ஒன்று உங்கள் மௌனத்தால் ஸ்டோருக்குள் போய்விடும். உங்கள் தொழிற்பேட்டையிலேயே இரண்டு லேத்தை வைத்துக்கொண்டு, சொன்ன தேதியில் சரக்கைக் கொடுத்துவிட்டு, கவர் கொடுக்க வழியில்லாத காரணத்தால் ஆர்டரை இழக்கிற சின்னப் பட்டறைக்காரர் ஒருவராவது இருப்பார். உங்கள் தசமபாகத்தில் அவருடைய கூலியும் கலந்திருக்கிறது.

தானியேலைப் பற்றி நம் பிரசங்கங்களில் சிங்கக்கெபியும், எருசலேமை நோக்கித் திறந்திருந்த பலகணியும்தான் எப்போதும் வரும். அவருடைய உத்தியோகம் என்ன என்று யாரும் சொல்வதில்லை. தரியு ராஜா தன் ராஜ்யத்தின்மேல் 120 தேசாதிபதிகளை வைத்தான். அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய 3 பிரதானிகளில் ஒருவர் தானியேல். ராஜாவுக்கு நஷ்டம் வராமல் பார்ப்பதே அவர் வேலை. பொறாமைக்காரர்கள் முதலில் அவருடைய ஜெபத்தை வேவு பார்க்கவில்லை; அவருடைய நிர்வாகத்தைத்தான் துருவினார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காமல் போன பிறகே ஜெபத்தில் கைவைத்தார்கள். இந்த வரிசை உங்களைப் போலப் பர்ச்சேஸில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கோப்புகளை இன்று ஒருவர் துருவினால், உங்கள் ஜெபம்வரை அவர் வரவேண்டிய அவசியமே இருக்காது.

எங்கள் பெரியப்பா பெரம்பூரில் ஒரு சபையின் பொருளாளராக இருந்தார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தை ஒட்டிய அறையான வெஸ்ட்ரியில் காணிக்கை எண்ணுவார்கள். சில்லறையை அடுக்கிக் கொடுப்பதற்கு என்னையும் உட்காரவைப்பார். பச்சை வெல்வெட் பையை மேசையில் கவிழ்க்கும்முன் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். எப்போதும் இரண்டு பேர் எண்ணுவார்கள். எண்ணியவரும் சரிபார்த்தவரும் ஒரே வரியில் கையெழுத்திடுவார்கள். ஒருநாள் உடன் எண்ணுகிறவர் வர நேரமானது. பெரியப்பா பையின் முடிச்சைக்கூட அவிழ்க்காமல் காத்திருந்தார். பசி பொறுக்காமல், “நீங்களே எண்ணினால் யார் உங்களைச் சந்தேகப்படப் போகிறார்கள்?” என்று கேட்டேன். “சந்தேகத்துக்காக இல்லடா. பணத்தோடு எந்த மனுஷனையும் தனியா விடக் கூடாது, என்னையும் சேர்த்துத்தான்” என்றார். பவுலும் எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைத் தனியே கொண்டுபோகவில்லை. கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க வேண்டும் என்று எழுதி, சபைகள் தெரிந்தெடுத்தவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

நல்லெண்ணம் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் பெப்ரீஷியஸை நினைவுபடுத்துவேன். வேப்பேரி மிஷனில் ஆண்டுக்கணக்காக ஊழியம் செய்து, வேதாகமத்தையும் ஞானப்பாட்டுகளையும் நல்ல தமிழில் தந்து, 1779ல் தமிழ் அகராதி ஒன்றையும் வெளியிட்ட மனிதர். எளிமையாக வாழ்ந்தவர். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தை வாங்கி வட்டிக்குக் கொடுத்து, அது திரும்பாமல் கடனாளியாகி, முதிய வயதில் இதே சென்னையில் சிறைக்குப் போனார். அவர் பணத்தாசை பிடித்தவரல்ல. அப்படிப்பட்டவருக்கே இப்படி நேர்ந்தது என்றால், ‘இயன்றவரை உண்மையாக’ இருக்கிற நமக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? சோதனையை மனவுறுதியால் ஜெயிக்கலாம் என்ற நினைப்பே எனக்குப் பயத்தைத் தருகிறது. சோதனை பலம்பெறுவது ஒருவன் தனியாகவும் மறைவாகவும் இருக்கிற இடத்தில்தான். கைப்பேசிக்கும் இதே பதில்தான்: படுக்குமுன் அதைக் கூடத்தில், எல்லோரும் நடமாடுகிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

தம்பி, உங்களைக் கடிந்து எழுதுவது, அந்த வரியை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே என்ற நம்பிக்கையில்தான். தெரிந்தே செய்கிற திருடன் அதை எழுதியிருக்க மாட்டான். தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் மேலதிகாரியிடம், இனி வெண்டர்களிடமிருந்து எதுவும் வாங்கப்போவதில்லை என்று எழுத்தில் கொடுங்கள். வெண்டர்களுக்கும் அதையே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். இதுவரை வாங்கியதைக் கூட்டிப் பார்த்து, தந்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அது மிகப் பெரிய தொகையாக இருந்தால் தவணையாகவாவது கொடுங்கள். உங்கள் ஆயரிடம் போய், காணிக்கையில் போட்டது எந்தப் பணம் என்று சொல்லுங்கள். அவர் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். இதையெல்லாம் செய்யும்போது உடன் வேலை செய்கிற ஒருவரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. வெள்ளிக்கிழமை உங்களைக் குடிக்கக் கூப்பிடுகிறவர்களிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். அவரோடு போய் உட்காருங்கள், ஒரு சோடா குடித்துக்கொண்டு பேசுங்கள்.