ஸ்கேனில் 'பெரிய குழந்தை': வலி வரவைப்பதா, சிசேரியனா?

முதல் பிரசவம், 38 வாரம். சர்க்கரை இல்லை. ஸ்கேனில் 3.8 கிலோ வந்ததால் சிசேரியனுக்கு நாள் பார்க்கச் சொல்கிறார்கள். அவசியமா டாக்டர்?

எடை ஒன்றுதான் காரணம் என்றால், அவசியமில்லை. ஸ்கேன் குழந்தையை நிறுத்துப் பார்ப்பதில்லை. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். உங்கள் குழந்தை 3.3 கிலோவாகவும் இருக்கலாம், 4.3 கிலோவாகவும் இருக்கலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு, சர்க்கரை இல்லாத தாய்க்கு மதிப்பீடு 5 கிலோவைத் தொட்டால்தான் எடைக்காகச் சிசேரியனை யோசிக்கச் சொல்கிறது. சர்க்கரை இருந்தால் 4.5 கிலோ. அங்கே 1996-ல் வெளியான ஒரு கணக்கு இன்னும் பேசப்படுகிறது: சர்க்கரை இல்லாதவர்களுக்கு 4.5 கிலோவிலேயே சிசேரியன் என்று வைத்தால், பிரசவத்தில் தோள் சிக்கி ஒரு குழந்தைக்கு வரும் நிரந்தரக் கை நரம்புப் பாதிப்பைத் தடுக்க 3,695 பேருக்கு அறுவை செய்ய வேண்டிவரும்.

நம் பெண்கள் பலர் உயரம் குறைந்தவர்கள். அந்த எல்லையை அப்படியே இங்கே பொருத்த நான் தயங்குவேன். ஆனாலும் 3.8 கிலோ அறுவைக்குக் காரணமாகாது. "எடை தவிர வேறு என்ன காரணம்?" என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றால் அது வேறு விஷயம்.

அப்படியானால் முன்கூட்டியே வலி வரவைத்துவிட்டால் நல்லதா? அதுவும் கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்கிறார்கள்.

பெரிய குழந்தையில் எங்களுக்குள்ள முக்கியமான பயம், தலை வெளியே வந்தபின் தோள் சிக்கிக்கொள்வது. 2025-ல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்றில், 38-வது வாரத்தில் வலி வரவைக்கத் திட்டமிட்டவர்களில் 2.3 சதவீதத்தினருக்குத் தோள் சிக்கியது. வழக்கமான கவனிப்புக் குழுவில் 3.1. இந்த வித்தியாசம் உறுதியானதல்ல. ஆனால் காத்திருந்த குழுவிலும் பலருக்குச் சீக்கிரமே பிரசவம் ஆகிவிட்டது. திட்டப்படி நடந்தவர்களை மட்டும் பார்த்தால் 2.3-க்கு 3.7, இது கவனிக்க வேண்டிய இடைவெளி. வலி வரவைத்ததால் சிசேரியன் கூடவும் இல்லை.

நானாக இருந்தால், வேறு அவசரம் இல்லாதபோது 39 வாரம் வரை பொறுப்பேன். கருப்பை வாய் இளகியிருந்தால் வேலை சுலபம். இளகாவிட்டால் ஜெல், மாத்திரை அல்லது பலூன் வைத்து, அப்புறம் டிரிப் போட வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். இதை முன்பே சொல்லாததால்தான் பல குடும்பங்கள் முதல் நாள் இரவே பதறி, "அறுத்துவிடுங்கள்" என்கின்றன.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். மதிப்பீடு 4.4 கிலோ.

உங்கள் நிலை வேறு. சர்க்கரையால் வளரும் குழந்தைக்குத் தோளிலும் உடம்பிலும் கொழுப்பு சேரும். தலை அந்த அளவுக்குப் பெருக்காது. அதனால் குறைந்த எடையிலேயே தோள் சிக்கலாம். பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள, உயரம் குறைந்த தாய் ஒருவருக்கு 9 முதல் 10 சதவீதம் இருந்த இந்த ஆபத்தை டாக்டர் சொல்லவில்லை. குழந்தை பாதிக்கப்பட்டது. அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்குத் திட்டமிட்ட சிசேரியன் நியாயமான தேர்வு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டும் ஆபத்தையும் சேர்த்து எடைபோட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதும் பெரிது. வலிக்கு மாத்திரை வைக்கலாமா?

மிசோப்ரோஸ்டால் மாத்திரை கூடாது. பழைய தையல் பிரியலாம். சுகப்பிரசவம் முயல்வதானால், இரவு பகல் எப்போதும் ஆபரேஷன் தியேட்டரும் ஏற்றுவதற்கு ரத்தமும் தயாராக இருக்கும் மருத்துவமனையில் மட்டும்.

சிசேரியன்தான் என்று முடிவாகிவிட்டது. வீட்டில் நல்ல நட்சத்திரம் பார்த்து 37-வது வாரத்தில் நாள் குறித்துவிட்டார்கள்.

எடைக்காக மட்டும் என்றால் 39 வாரம் முடியட்டும். அதற்குப் பின் வரும் நல்ல நாளைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியே வராமல் 37-ல் எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம். எடை 4 கிலோ இருந்தாலும் நுரையீரலுக்கு அந்த இரண்டு வாரம் வேண்டும்.